குதிரை எங்கே போனது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிலர் தங்கள் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகளைக் குதிரை இல்லாதவையாக மாற்றிக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். குதிரையைக் கழற்றிவிட்டால் தோட்டாவை எது அடிக்கும்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அதை ஒரே வரியில் தாண்டிப் போனது என் தவறு. குதிரை காணாமல் போகவில்லை, உள்ளே போய்விட்டது. (விசையையும் சிலர் குதிரை என்பதுண்டு. நான் சொல்வது பாய்ந்து அடிக்கிற பாகத்தை.)

பழைய துப்பாக்கியில் பூட்டு என்பது சுடவைக்கும் பொறி. அதன் தகட்டுக்கு உள்பக்கம் ஒரு சுழல்துண்டு இருக்கும். பெயர் டம்ளர், தண்ணீர் குடிக்கிறதல்ல. வில் (ஸ்பிரிங்) அதைத் தள்ளும். அதன் அச்சு தகட்டைத் துளைத்து வெளியே வரும். அந்த முனையில்தான் குதிரை மாட்டியிருக்கும். ஆக, குதிரைக்கு இரண்டு வேலை. அடிப்பது ஒன்று. கட்டைவிரலால் இழுத்து வில்லை ஏற்றுவதற்குப் பிடியாக இருப்பது இன்னொன்று. அடிக்கிற வேலையை உள்ளே இருக்கும் டம்ளரிடமே கொடுத்துவிடலாம். ஆனால் வில்லை யார் ஏற்றுவது? அங்கேதான் தலைவலி.

1871இல் லண்டனில் துப்பாக்கி செய்துவந்த மர்காட், துப்பாக்கியைத் திறக்கிற நெம்புகோலிடமே அந்த வேலையையும் ஒப்படைத்தார். 1875இல் பர்மிங்காமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தில் ஆன்சனும் டீலியும் இன்னும் எளிதாக்கினார்கள். தோட்டா போடக் குழல்களை மடக்குகிறோம் அல்லவா, அந்த அசைவே உள்ளே நெம்பி வில்லை ஏற்றிவிடும். எனக்கு இது இன்றும் வியப்புதான்.

புதிதாகச் செய்யும்போது இதெல்லாம் அழகு. பழையதை மாற்றும்போது தகட்டில் அச்சு வந்த ஓட்டையை அடைக்க வேண்டும், ஏற்றும் நெம்புகளுக்கு இடம் குடைய வேண்டும். அதிகம் குடைந்தால், வெடிப்பின் அதிர்ச்சியைத் தாங்குகிற இரும்பே பலவீனமாகும். அப்புறம் பாதுகாப்புப் பூட்டு வேறு. வெளிக்குதிரை நிமிர்ந்திருந்தால் ஏற்றியிருக்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும். உள்ளே போனபின் அது தெரியாதே.

நல்ல குழல்களை விட மனமில்லாதவர்கள் அன்று இதைச் செய்ததில் நியாயம் உண்டு. இன்று யாராவது கேட்டால் வேண்டாம் என்பேன். பல பழைய குழல்கள் டமாஸ்கஸ் இரும்பு, அதாவது இரும்பையும் எஃகையும் முறுக்கி ஒட்டியது; கரிமருந்துக்கு (பழைய கருப்பு வெடிமருந்து) மட்டும் சோதிக்கப்பட்டவை. பூட்டை மாற்றுவதால் அவை புகையில்லா மருந்தைத் தாங்கிவிடாது. சேகரிப்பவர்களும் மாற்றாத துப்பாக்கியைத்தான் தேடுவார்கள்.

புதியதற்கு எல்லோரும் தாவிவிடவும் இல்லை. லண்டனில் துப்பாக்கி செய்யும் பர்டி நிறுவனம் 1880இலேயே, பீஸ்லி என்ற துப்பாக்கிக் கைவினைஞரின் உள்குதிரை அமைப்பை வாங்கிவிட்டது. ஆனால் அவர்களுடைய புகழ்பெற்ற வாடிக்கையாளரான ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், உள்குதிரை வழக்கமாகிப் பல ஆண்டுகள் கழிந்தும் பர்டியின் வெளிக்குதிரைத் துப்பாக்கிகளோடுதான் வேட்டைக்குப் போனார்.