மூன்று பேர் போதுமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

கானா பற்றிய உங்கள் கட்டுரையில் ஸீஸீ டாப் என்ற டெக்ஸஸ் ப்ளூஸ் ராக் குழுவைப் போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தீர்கள். கொருக்குப்பேட்டையில் நாங்களும் மூன்று பேர்தான். ஒருவன் கிட்டார், ஒருவன் ட்ரம்ஸ், நான் அடித்தள ஒலி கொடுக்கும் பாஸ் கிட்டார். மொட்டை மாடி ரூமில் வாசிக்கிறோம். கேட்கிறவர்கள் எல்லாம் “சவுண்டு காலியா இருக்குப்பா, கீபோர்டுக்கு ஒருத்தனைச் சேத்துக்கோங்க” என்கிறார்கள். இப்போது கிட்டார்காரனும் அதையே ஆரம்பித்துவிட்டான். ஸீஸீ டாப் எப்படி மூன்று பேராகவே காலம் தள்ளினார்கள்? தேடினால் தாடியும் காரும்தான் வருகிறது. இன்னொன்று, ப்ளூஸ் என்கிற கறுப்பின மக்களின் இசையை எடுத்துச் சம்பாதித்தவர்கள் என்கிறான் நண்பன். உண்மையா?

ஒரு வாசகன், கொருக்குப்பேட்டை

அன்புள்ள தம்பி,

தாடியையும் காரையும் முதலில் முடித்துவிடுவோம். 1977க்குப் பிறகு குழு நீண்ட ஓய்வில் இருந்தபோது இருவர் வளர்த்த தாடி அது. கார், 1983இல் வந்த ‘எலிமினேட்டர்’ ஆல்பத்தின் அட்டையில் இருப்பது. அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற ஆல்பம். அதில் சிந்தசைஸர் நிறைய. எனக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை. நீங்கள் கேட்க வேண்டியது அதற்கு முந்தைய பத்து வருடம்.

குழு தொடங்கியது 1969இல், ஹூஸ்டனில். துறைமுகமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுமாக, நம்ம மணலி, எண்ணூர் பக்கம் போன்ற ஊர். மணலி ஆலை ஓடத் தொடங்கியதும் அதே 1969இல்தான். தொடங்கியவர் கிட்டார்காரர் பில்லி கிப்பன்ஸ். முந்தைய வருடமே வேறொரு குழுவோடு கிட்டார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸின் கச்சேரிகளில், அவர் மேடையேறுவதற்கு முன் வாசிக்கும் குழுவாக வாசித்தவர்.

உங்கள் கிட்டார்காரனிடம் சொல்ல வேண்டிய சங்கதி இதுதான்: ஸீஸீ டாப்பின் முதல் அமைப்பில் பாஸ் கிட்டாரே கிடையாது. கிட்டார், ட்ரம்ஸ், கீபோர்டு மாதிரி கட்டைகள் உள்ள ஆர்கன். தனிப்பாட்டாக வந்த முதல் ரெகார்டில் அந்த ஆர்கனைக் கேட்கலாம். நீங்கள் இப்போது சேர்க்கப் பார்ப்பதை அவர்கள் கையில் வைத்திருந்து, விட்டுவிட்டவர்கள். ஆர்கன் போனது, பாஸ் வந்தது. ட்ரம்ஸுக்கு ஃப்ராங்க் பியர்ட் வந்தார். கொஞ்ச நாளில் பாஸ்காரர் விலக, பியர்ட் தன் பழைய கூட்டாளி டஸ்டி ஹில்லை அழைத்துவந்தார். 1970 பிப்ரவரியில் போமான்ட் என்ற எண்ணெய் ஊரில் மூவரும் முதல் கச்சேரி வாசித்தார்கள். மூவருமே 1949இல் பிறந்தவர்கள்.

பழைய கூட்டாளி என்றேனே, விஷயமே அங்கேதான் இருக்கிறது. டஸ்டி, அவர் அண்ணன் ராக்கி, ஃப்ராங்க் மூவரும் டாலஸில் ‘அமெரிக்கன் ப்ளூஸ்’ என்ற குழு வைத்திருந்தார்கள். தலைமுடிக்கு நீலச் சாயம் வேறு. அண்ணனுக்குச் சுத்த ப்ளூஸ் போதும், தம்பிக்கு ராக் வேண்டும். பிரிந்தார்கள். ஆக, கிப்பன்ஸோடு சேரும்போதே பாஸும் ட்ரம்ஸும் ஒன்றாக வாசித்துப் பழகிய கைகள். கிப்பன்ஸ்தான் அவர்களுக்குப் புது ஆள்.

இதை 1973இல் வந்த ‘லா கிராஞ்ச்’ பாட்டில் கேளுங்கள். தொடக்கத்தில் கிட்டார் மெல்ல முனகும், பியர்ட் ட்ரம்மின் விளிம்பைத் தட்டிக்கொண்டிருப்பார், கிப்பன்ஸ் பாடுவதா பேசுவதா என்று தெரியாமல் ஏதோ முணுமுணுப்பார். பாஸே இல்லை. பிறகு ட்ரம்ஸ் முழுசாக விழும், கூடவே பாஸ். கிட்டார் தனித்து வாசிக்கும் சோலோவின்போது பாட்டு ஏ சுருதியிலிருந்து சி-க்கு ஏறும். அந்த இடத்தில் கிட்டாரை மறந்துவிட்டு ஹில்லை மட்டும் கேளுங்கள். கிட்டார் எவ்வளவு அலைந்தாலும் அவர் அலையமாட்டார். அவருடைய பாஸ் ஒலி சுத்தமானதல்ல, கரகரப்பானது. குப்பைத்தொட்டிக்குள் குசு விட்ட மாதிரி என்று அவரே வர்ணித்திருக்கிறார். அந்தக் கரகரப்புதான் ரிதம் கிட்டாரின், அதாவது பின்னணியில் தாளமாக வாசிக்கும் இரண்டாவது கிட்டாரின், இடத்தை அடைக்கிறது. நம் பக்கம் சாவு வீட்டில் விடிய விடிய கானா நடக்கும்போது, பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் டோலக்தானே பேசுகிறது? அங்கே யாரும் காலியாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

உங்கள் நண்பன் சொல்வதில் பாதி உண்மை. ‘லா கிராஞ்ச்’சின் அடித்தளம் கறுப்பின ப்ளூஸ் கலைஞர் ஜான் லீ ஹூக்கர் 1948இல் பதிவு செய்த பூகி, அதாவது துள்ளல் தாளப் பாட்டு. வழக்கும் வந்தது. ஆனால் போட்டவர் ஹூக்கர் அல்ல, அந்தப் பாட்டின் உரிமையைக் கையில் வைத்திருந்த வெள்ளைக்காரத் தயாரிப்பாளர். பழைய பாட்டின் காப்புரிமை உரிய காலத்தில் புதுப்பிக்கப்படவில்லை, அது பொதுச்சொத்து என்று 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டம் அவர்கள் பக்கம் நின்றது, சரி. கடன் கடன்தான். கானாக்காரர்களின் மெட்டு சினிமாவுக்குப் போன கதையெல்லாம் தெரிந்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஹில்லுக்காக ஒன்று சொல்லலாம்: லைட்னின் ஹாப்கின்ஸ், ஃப்ரெடி கிங் போன்ற கறுப்பினப் பெரியவர்களோடு மேடையில் நின்று பாஸ் வாசித்தே தொழில் கற்றவர். ரெகார்டைக் கேட்டு மட்டும் எடுத்துக்கொண்டவர் அல்ல.

எனக்கு மூவரில் பிடித்தவரும் அவர்தான். எழுபதுகளில் மேடையில் உயிருள்ள காட்டெருமை, கழுகு, பாம்பெல்லாம் நிறுத்தி ஊர் ஊராகப் போனார்கள். அது முடிந்து வந்த ஓய்வில் கிப்பன்ஸ் ஐரோப்பா போனார். பியர்ட் போதைப் பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சைக்குப் போனார். ஹில் டாலஸ் விமான நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார், சாதாரண ஆளாக இருந்து பார்க்க வேண்டுமாம். 2021 ஜூலையில் 72 வயதில் இறந்தார். அதற்குச் சில நாள் முன்பு அவரால் மேடையேற முடியாமல் போனபோது, பல வருடங்களாக அவர்களுடைய கிட்டார்களைப் பார்த்துக்கொண்ட எல்வுட் ஃப்ரான்சிஸ் பாஸை எடுத்தார். அப்போதும் மூன்று பேர்தான்.

ஆகவே கீபோர்டுக்கு ஆள் தேடுவதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். கிட்டார்காரனுக்கு ஒரு வாரம் லீவு கொடுத்துவிட்டு, நீங்களும் ட்ரம்ஸ் வாசிக்கும் தம்பியும் மட்டும் உட்கார்ந்து ஒரு பாட்டை முழுசாக வாசித்து, போனில் பதிந்து அனுப்புங்கள். காலியாக இருக்கிறதா இல்லையா என்பதை அதைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.