புயல் அடங்கிய மூன்றாம் நாள் ஏன் மூச்சு இரைக்கிறது?

கேள்வி: டாக்டர், என் அம்மாவுக்கு 68 வயது. பல வருடங்களாக ஆஸ்துமா. போன மாதம் எங்கள் பகுதியில் பெரிய புழுதிப் புயல் அடித்தது. அன்று அம்மா வெளியே போகவே இல்லை, நன்றாகத்தான் இருந்தார். ஆனால் மூன்றாம் நாள் இரவு இழுப்பு அதிகமாகி மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. "புயல் முடிந்து மூன்று நாள் ஆகிவிட்டதே, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று அங்கே கேட்டார்கள். செய்தியிலும் உயிர்ச்சேதம், பாதிப்பு எதுவும் இல்லை என்றே சொன்னார்கள். உண்மையிலேயே தொடர்பு உண்டா? இந்த மாதிரி பாதிப்பை எப்படித்தான் கணக்கெடுக்கிறார்கள்?

பதில்: அம்மா இப்போது வீடு திரும்பி நன்றாக இருப்பார் என்று நம்புகிறேன். தொடர்பு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மூன்று நாள் தள்ளி வந்தது என்ற ஒரே காரணத்துக்காக அதை ஒதுக்கிவிடக் கூடாது. புழுதியின் பாதிப்பு பல நேரங்களில் வானம் தெளிந்த பிறகுதான் வெளியே தெரியும்.

புயலில் நம் கண்ணை உறுத்தும் மணல், நுரையீரலைப் பொறுத்தவரை பெரிய எதிரி இல்லை. அது கனமானது. சீக்கிரம் தரையில் விழுந்துவிடும், மூச்சில் போனாலும் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிக்கொள்ளும். ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 70 மைக்ரான். 10 மைக்ரானுக்கும் சிறிய துகள் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். 2.5 மைக்ரானுக்கும் சிறியது கடைசியில் இருக்கும் காற்றறை வரை போய்விடும். இவ்வளவு சிறிய துகள் எளிதில் கீழே இறங்காது, நாட்கணக்கில் மிதக்கும். சஹாராவில் கிளம்பும் புழுதி அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியன் தீவுகளை மூடுகிறது. 2020 ஜூனில் அப்படித்தான் நடந்தது. அவ்வளவு தூரம் பறக்கக்கூடிய தூசு, காற்று நின்ற மறுநாள் உங்கள் வீட்டுக்குள் மிதந்துகொண்டிருப்பதில் ஆச்சரியம் இல்லை.

மூச்சுக்குழாயும் உடனே பதில் சொல்லிவிடுவதில்லை. தூசு பட்டதும் அது கொஞ்சம் சுருங்கலாம், அதை இன்ஹேலர் சரிசெய்துவிடும். அதன் பிறகு உள்சுவரில் மெல்ல மெல்ல வீக்கம் ஏறும், சளி கெட்டிப்படும். இதற்கு ஒரு நாளும் ஆகலாம், இரண்டு மூன்று நாளும் ஆகலாம். போதாததற்கு அந்தத் தூசு வெறும் மண்ணும் அல்ல. குவார்ட்ஸ், உலோகத் துணுக்கு, பூஞ்சை வித்து, பாக்டீரியாவின் உடைந்த பாகம் என்று கிளம்பிய இடத்தில் என்ன இருந்ததோ அதெல்லாம் கூடவே வரும். மத்திய ஆசியாவில் ஆரல் கடல் வற்றிய படுகையிலிருந்து எழும் புழுதியில் உப்போடு பழைய பூச்சிமருந்தும் இருக்கிறது.

என்னிடம் வந்த ஒரு பாட்டியின் கதை உங்கள் அம்மாவுக்கும் பொருந்துமா என்று பாருங்கள். புயல் அடித்த அன்று கதவைச் சாத்திக்கொண்டு பத்திரமாக இருந்தார். மறுநாள் காலையில் விளக்குமாற்றை எடுத்து வீடு முழுக்கப் பெருக்கினார், படுக்கை விரிப்பை உதறினார், மின்விசிறி இறக்கையைத் துணியால் தட்டினார். ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் தூசு மினுமினுத்ததைக்கூட அவரே சொன்னார். அன்று இரவு இழுப்பு வந்துவிட்டது. வெளியே அடித்த புயலைவிட அவர் வீட்டுக்குள் கிளப்பிய புயலைத்தான் அதிகம் சுவாசித்திருக்கிறார்.

சரி, கணக்கெடுப்புக்கு வருவோம். இறப்புச் சான்றிதழில் 'புழுதிப் புயல்' என்று யாரும் எழுதுவதில்லை. ஆஸ்துமா, மாரடைப்பு, நிமோனியா என்றுதான் எழுதுவார்கள். அதனால் உங்கள் அம்மா ஒருவரை மட்டும் பார்த்து, இது புயலால் வந்ததா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் உண்மை தெரிகிறது.

எனக்குப் பிடித்த ஒரு முறையைச் சொல்கிறேன். அம்மா ஒரு வியாழக்கிழமை மருத்துவமனையில் சேர்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். அதே மாதத்தில் அவர் நலமாக இருந்த மற்ற வியாழக்கிழமைகளை எடுத்துக்கொள்வார்கள். சேர்ந்த அன்றும் அதற்கு முந்தைய சில நாட்களும் காற்றில் எவ்வளவு தூசு இருந்தது, மற்ற வியாழக்கிழமைகளில் எவ்வளவு இருந்தது என்று ஒப்பிடுவார்கள். ஒரே ஆளை அவரோடேயே ஒப்பிடுவதால் வயது, எடை, பழைய நோய் எதுவும் கணக்கைக் குழப்பாது. கிழமையும் மாதமும் ஒன்றாக இருப்பதால் விடுமுறை நாள், பருவம் போன்றவையும் பெரும்பாலும் அடிபட்டுப் போகும். இதையே ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குச் செய்தால், தூசு ஏறிய நாளிலிருந்து எத்தனையாவது நாளில் ஆட்கள் வந்து சேர்கிறார்கள் என்பது தெரியவரும். 'மூன்று நாள் ஆகிவிட்டதே' என்ற கேள்விக்கு இதில்தான் விடை இருக்கிறது. ஆய்வு செய்பவர்கள் புயல் நாளோடு நிறுத்திக்கொள்வதில்லை, அடுத்து வரும் பல நாட்களையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

இதில் சிக்கல்களும் உண்டு. புயல் நாளில் மருத்துவமனைக் கூட்டம் குறையவும் செய்யலாம். சாலையே தெரியாதபோது யார் கிளம்பி வருவார்கள்? அந்த ஒரு நாளை மட்டும் பார்த்தால் புயல் உடம்புக்கு நல்லது என்றுகூடத் தோன்றிவிடும்! வெயிலும் சேர்ந்து அடித்தால் இறப்பு வெயிலாலா தூசாலா என்று பிரிக்க வேண்டும். தூசு அளக்கும் கருவியே சில சமயம் புழுதியில் அடைத்துக்கொள்ளும். நகரத்துப் புகையையும் பாலைவனப் புழுதியையும் வேறுபடுத்த வேண்டும். புழுதியில் பருத்த துகள்களின் பங்கு அதிகம், புகையில் நுண்ணியவை அதிகம். அந்த விகிதத்தை வைத்தும் செயற்கைக்கோள் படங்களை வைத்தும் பிரிக்கிறார்கள்.

அளவு என்று பார்த்தால், 10 மைக்ரானுக்குக் கீழான துகள் ஒரு நாள் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 45 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தந்த வழிகாட்டல். கடுமையான புயலில் அது ஆயிரங்களைத் தொடும். இப்படிப்பட்ட நாட்களை அடுத்து ஆஸ்துமாவுக்காக மருத்துவமனை வருவோர் கூடுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதய நோய் இறப்பும் ஓரளவு கூடுகிறது, ஆனால் எல்லா ஆய்வும் ஒரே அளவைச் சொல்வதில்லை. இராக்கில் 2022 மே மாதம் அடித்த ஒரே புயலில் 5,000-க்கும் மேற்பட்டோர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். அவர்கள் உடனே வந்தவர்கள். உங்கள் அம்மாவைப் போலப் பிறகு வருபவர்கள் இந்த மாதிரி எண்ணிக்கையில் ஏறுவதே இல்லை, எனக்கு வருத்தம் தருவதும் அதுதான். மரம் சாயவில்லை, சுவர் விழவில்லை என்பதை வைத்து 'பாதிப்பு இல்லை' என்று அன்று மாலையே சொல்லிவிடுகிறார்கள்.

நுரையீரலோடும் இது நிற்பதில்லை. செனகலிலிருந்து எத்தியோப்பியா வரை நீளும் ஆப்பிரிக்கப் பகுதியில் வறண்ட, புழுதி நிறைந்த மாதங்களில்தான் மூளைக்காய்ச்சல் (மெனிஞ்சைட்டிஸ்) பரவுகிறது. தூசு தொண்டைச் சவ்வைப் புண்ணாக்கிக் கிருமிக்கு வழிவிடுகிறது என்று கருதுகிறார்கள். கலிபோர்னியாவில் 1977 டிசம்பரில் அடித்த புயல், மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையைத் தூக்கிக்கொண்டுபோய், அந்தப் பூஞ்சையால் வரும் நோய் வழக்கமாக வராத ஊர்களிலும் பலரைப் படுக்க வைத்தது.

இனி அம்மாவுக்கு. தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரை, உடம்பு நன்றாக இருக்கிறது என்று ஒரு நாள்கூட விடக் கூடாது. எனக்குத் தெரிந்து அதிகம் பேர் தவறுவது இதில்தான். புயல் எச்சரிக்கை வந்தால் அளவைக் கூட்டலாமா என்பதை அவருடைய மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கி வையுங்கள், நீங்களாகக் கூட்ட வேண்டாம். புயலின்போது கதவு, ஜன்னல் இடுக்குகள் குறைவான ஓர் உள் அறையில் அவர் இருக்கட்டும், புகை வரும் எதையும் அங்கே ஏற்றாதீர்கள். வெயில் காலமாக இருந்தால் அறை புழுங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள், அடிக்கடி தண்ணீர் கொடுங்கள். வெளியே போயே ஆக வேண்டும் என்றால் முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 முகக்கவசம் வேண்டும். துணியை நனைத்துக் கட்டினால் மணல் நிற்கும், நுண்துகள் நிற்காது. கண்ணில் விழுந்தால் கசக்காமல் சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

அடங்கிய பிறகு பெருக்க வேண்டாம், ஈரத்துணியால் துடையுங்கள். அதையும் அம்மா செய்யக் கூடாது. துடைத்து முடியும் வரை அவர் வேறு அறையில் இருக்கட்டும். விரிப்பை உதறாமல் அப்படியே சுருட்டித் தண்ணீரில் போடுங்கள்.

இழுப்பை உடனே தணிக்கும் ரிலீவர் இன்ஹேலர் எடுத்தும் தணியவில்லை, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, மூச்சு இழுக்கும்போது விலா இடுக்கு உள்வாங்குகிறது, உதடு நீலம் பாய்கிறது, நெஞ்சு வலிக்கிறது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே கிளம்புங்கள்.

இன்னொன்று. மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றை வாங்கிக் காலையும் மாலையும் அம்மாவை ஊதச் சொல்லி, எண்ணை ஒரு நோட்டில் குறியுங்கள். நன்றாக இருக்கும் நாளில் அவர் தொடும் உச்ச அளவு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். அதில் பாதிக்குக் கீழே இறங்கினால் அவசரம் என்று அர்த்தம். புழுதி அடித்த தேதியையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டை அவர் முன்னால் திறந்து வையுங்கள்.