அஸ்னி சனிக்கிழமைச் சந்தை: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

அடுத்த மாதம் மொராக்கோவில் மராக்கேஷ் போகிறேன். "அசல் பெர்பர் கிராமச் சந்தை, அரைநாள்" என்று ஓட்டலில் ஒரு பயணம் வைத்திருக்கிறார்கள். எந்த ஊர்ச் சந்தையானாலும் காய்கறியும் கூச்சலும்தானே? நீங்கள் போயிருப்பதாக ஒருமுறை எழுதியிருந்தீர்கள். போகலாமா?

ம.

அன்புள்ள ம.,

போகலாம். எந்தக் கிழமை கூட்டிப்போகிறார்கள் என்று மட்டும் முதலில் கேட்டுவிடுங்கள். அட்லஸ் மலைப்பக்கம் ஊர்ச்சந்தை வாரத்துக்கு ஒருநாள்தான். அஸ்னியில் சனி, தஹனாவூத்தில் செவ்வாய். வேறு நாளில் போனால் காலித் திடலையும் ஒரு கம்பளக் கடையையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பல ஊர்களுக்குக் கிழமையே பெயர். த்னீன் ஊரிக்கா என்ற ஊரில் 'த்னீன்' என்பது திங்கள். 2023 செப்டம்பர் 8 நிலநடுக்கத்தில் இந்த மலைப்பக்கத்து ஊர்கள் பல மோசமாக இடிந்தன.

நான் அஸ்னிக்குப் போனது அந்த நிலநடுக்கத்துக்கு முன்பு, ஒரு ஆப்பிள் பருவத்தில். மராக்கேஷுக்குத் தெற்கே 50 கிலோமீட்டருக்குள்தான். கிராண்ட் டாக்ஸி என்ற பங்கு டாக்ஸி, ஆறு பேர் சேரும்வரை கிளம்பாது. சேர்ந்தோம், நெருக்கிக்கொண்டு போனோம்.

நீங்கள் சொல்வது சரிதான், காய்கறி காய்கறிதான். நான் அதிக நேரம் நின்றது சந்தைக்கு வெளியே, கோவேறு கழுதைகளைக் கட்டும் திடலில். சேணம் இறக்காமல், முன்னங்கால்களைக் கயிற்றால் பிணைத்து, நூற்றுக்குமேல் நின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் இருபக்கமும் தொங்கும் பெரிய பை. காலையில் வெறுமையாக வந்த பையில் மாவு மூட்டை, எரிவாயு உருளை, கூம்பாக வார்த்த சர்க்கரைக் கட்டி எல்லாம் ஏறுகின்றன. மலைக்குமேல் ஒரு குடும்பத்துக்கு ஒரு வாரம் அந்தப் பைதான். உள்ளே முடிவெட்டுகிறார்கள், லாடம் அடிக்கிறார்கள். கசாப்புக் கடையில் வாங்கிய கறியைப் பக்கத்துக் கடையில் கொடுத்தால் சமைத்துத் தருகிறார்கள். கூட்டத்தில் பெரும்பாலும் ஆண்கள். அது எனக்கு உறுத்தியது, உங்களுக்கும் உறுத்தலாம்.

அப்புறம், விலை. ஒரு கிலோ ஆப்பிளுக்குப் பெரியவர் "மியாத் ரியால்" என்றார். மியா என்றால் நூறு என்பது மட்டும் தெரிந்த நான், இவ்வளவா என்று முனகிக்கொண்டே 100 திர்ஹாம் தாளை நீட்டினேன். அவர் தாளைத் தள்ளிவிட்டு, என் உள்ளங்கைச் சில்லறையிலிருந்து ஒரே ஒரு 5 திர்ஹாம் நாணயத்தைப் பொறுக்கிக்கொண்டார். ரியால் என்று தனி நாணயம் இப்போது கிடையாது, கணக்கு மட்டும் இருக்கிறது: 20 ரியால் ஒரு திர்ஹாம். ரியாலில் எந்த விலை சொன்னாலும் இருபதால் வகுத்துப் பாருங்கள். ஏமாற்றுகிறார்கள் என்று நான் நினைத்ததுபோல அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. 'பெர்பர்' என்பது இந்த மலை மக்களுக்குப் பிறர் வைத்த பெயர். அவர்கள் தங்களை அமாசிக் என்கிறார்கள். 2011 அரசியலமைப்பில் அவர்கள் மொழியும் ஆட்சிமொழி ஆனது.

ஓட்டல் வண்டி பத்து மணிக்குத்தான் கிளம்பும் என்றால் வேண்டாம், நீங்களே டாக்ஸி பிடியுங்கள். நீங்கள் போய்ச் சேர்வதற்குள் பாதிக் கழுதைகள் மலையேறத் தொடங்கியிருக்கும்.