எட்டு நண்பர்கள், மூன்று நாள் கொடைக்கானல்: எங்கே போகலாம், எதை விடலாம்?

கேட்டது இது: கல்லூரி நண்பர்கள் எட்டுப் பேர் மூன்று நாள் கொடைக்கானல் போகிறார்கள். எல்லாருக்கும் பிடிக்கிற மாதிரி எப்படித் திட்டம் போடுவது, எந்த இடங்களை விடவே கூடாது?

எட்டுப் பேருக்கும் பிடிக்கிற திட்டம் என்று ஒன்று கிடையாது. அதைத் தேடிக் கிளம்பினால் மலை ஏறுவதற்கு முன்பே வாட்ஸப் குழுவில் சண்டை வந்துவிடும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு காரியத்தை எட்டுப் பேரும் சேர்ந்து செய்யுங்கள். மற்ற நேரத்தை அவரவர் இஷ்டத்துக்கு விட்டுவிடுங்கள்.

நாங்கள் மதுரையில் ஒன்றாகப் படித்த தோழிகள். பிள்ளைகளை வீட்டுக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டு அவ்வப்போது கொடைக்கானல் ஏறிவிடுவோம். எங்களுக்கு ஒத்துவந்ததை வைத்துச் சொல்கிறேன். உங்களில் இரண்டு பேராவது இதை ஒப்புக்கொள்ள மாட்டீர்கள், பரவாயில்லை.

முதலில் இந்தப் 'பாயிண்ட்' சமாச்சாரம். பஸ் நிலையத்தில் இறங்கியதுமே டாக்சிக்காரர் ஒருவர் படம் போட்ட அட்டையை நீட்டுவார். கோக்கர்ஸ் வாக், பைன் காடு, குணா குகை, தூண் பாறை, மோயர் பாயிண்ட் என்று பன்னிரண்டு இடம் இருக்கும். காலை ஒன்பதுக்குக் கிளம்பி மாலைக்குள் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறேன் என்பார், காட்டியும் விடுவார். குடும்பமாக ஒரே நாள் வருகிறவர்களுக்கு அது சரி. எட்டு நண்பர்களுக்குச் சரிப்படாது. ஒவ்வோர் இடத்திலும் எட்டுப் பேர் இறங்க வேண்டும், ஒருத்தர் கழிப்பறை தேடுவார், ஒருத்தர் சோளம் வாங்கப் போவார், ஒருத்தர் தொப்பி பேரம் பேசிக்கொண்டு நிற்பார். பாதி நாள் வேனுக்குள் ஆள் எண்ணுவதிலேயே போய்விடும். அரட்டை அடிக்க வந்தவர்கள் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அதனால் என் பட்டியல் சின்னது. ஏரி, ஒரு காலையில் கோக்கர்ஸ் வாக், ஒரு முழு நாள் பூம்பாறையும் மன்னவனூரும். மிச்சமெல்லாம் மனசும் வானமும் ஒத்துழைத்தால்.

ஏரியை எல்லாரும் படகுக்காகத்தான் நினைக்கிறார்கள். எனக்கு அதைச் சுற்றி நடப்பதுதான் கொடைக்கானல். 1863இல் மதுரை கலெக்டராக இருந்த வேரே லெவிங்கே, ஓடைகளுக்குக் குறுக்கே கரை கட்டி உண்டாக்கிய ஏரி அது. பள்ளத்தாக்கின் பிரிவுகளுக்குள் எல்லாம் தண்ணீர் புகுந்து நின்றதால் நட்சத்திரம் மாதிரி கிளை கிளையாக விரிந்திருக்கும். எங்கே நின்றாலும் முழு ஏரியும் கண்ணுக்குள் அடங்காது. சுற்றுப் பாதை சுமார் 5 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம், முட்டிவலிக்காரர்களும் நடக்கலாம்.

கூட்டமாக நடப்பதற்கு இந்தக் கிளைகள்தான் வசதி. வேகமாக நடக்கிறவள் முன்னே போய் ஒரு வளைவில் மறைந்துவிடுவாள். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் தண்ணீருக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், எதிர்த் திசையில் நடந்துகொண்டிருப்பாள். "ஏய், எங்கடி திரும்பிப் போற?" என்று இங்கிருந்து கத்துவோம். அவள் திரும்பியே போயிருக்க மாட்டாள், பாதை அப்படி மடங்கியிருக்கும். யாரும் தொலைந்து போவதில்லை, யாரும் யாருக்காகவும் காத்து நிற்க வேண்டியதுமில்லை. இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து நடப்போம், ஜோடி தானாக மாறிக்கொண்டே வரும். எட்டுப் பேர் உட்கார்ந்த மேசையில் வராத பேச்செல்லாம் அந்த நடையில் வரும்.

நேரம் முக்கியம். காலை ஆறரைக்கு ஏரிக்கரையில் இருங்கள். தண்ணீர் மேல் ஆவி மாதிரி மூட்டம் நகர்ந்துகொண்டிருக்கும், குதிரைக்காரர்கள் அப்போதுதான் சேணம் பூட்டிக்கொண்டிருப்பார்கள், டீக்கடையில் முதல் பால் கொதிக்கும். பத்து மணிக்கு மேல் அதே பாதையில் வாடகை சைக்கிளும் குதிரையும் காரும் மோதாத குறையாக வரும். சைக்கிள் எடுப்பதாக இருந்தால் பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள். எழ முடியாதவர்களை எழுப்பாதீர்கள், தூங்கட்டும். தூங்கவும்தானே வந்திருக்கிறார்கள்.

படகில் மிதிப்படகு, துடுப்புப் படகு இரண்டும் உண்டு. மிதிப்படகில் நாலு பேர் ஏறினால் மிதிப்பது இரண்டு பேர்தான், பின்னால் இருப்பவர்கள் அதிகாரம் பண்ணுவார்கள். பத்து நிமிடத்தில் தொடை பிடித்துக்கொள்ளும், அப்புறம் யார் மிதிப்பது என்று நடு ஏரியில் பஞ்சாயத்து. படகோட்டி வருகிற துடுப்புப் படகை எடுங்கள். கூட்டம் இரைகிற படகுத்துறையை விட்டு அவர் கிளைகளுக்குள் கொண்டுபோவார். உயிர்காப்பு உடையின் வாரைக் கடைசிக் கொக்கி வரை மாட்டிக்கொள்ளுங்கள். புகைப்படத்துக்காக அதைக் கழற்றுகிற ஆள் ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருத்தர் இருப்பார். உங்கள் கூட்டத்தில் யார் என்று உங்களுக்கே தெரியும்.

கோக்கர்ஸ் வாக் 1872இல் லெப்டினன்ட் கோக்கர் மலை விளிம்பில் போட்ட நடைபாதை, ஒரு கிலோமீட்டர் இருக்கும். திறந்ததும் போய்விடுங்கள். தெளிந்த காலையில் கீழே சமவெளி விரிந்து கிடக்கும். பதினொரு மணிக்குப் போனால் பெரும்பாலும் வெள்ளைச் சுவர்தான், பஞ்சு மூட்டைக்குள் தலையை விட்ட மாதிரி. முதுகுக்குப் பின்னால் வெயிலும் முன்னால் பள்ளத்தில் மேகமும் அமைந்தால், உங்கள் நிழல் அந்த மேகத்தின் மேல் விழுந்து, தலையைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். எப்போதும் வாய்க்காது.

இரண்டாம் நாளை முழுக்கப் பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் கொடுங்கள். பூம்பாறை, கொடைக்கானலிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள். சாலையின் மேட்டில் நின்று பார்த்தால் படிப்படியாக வெட்டிய வயல்களும் நடுவே நெருக்கிக் கட்டிய ஓட்டு வீடுகளும் தெரியும். எல்லாரும் அங்கேயே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஊருக்குள் இறங்குங்கள். குழந்தை வேலப்பர் கோவில் இருக்கிறது. மூலவர் சிலை போகர் செய்த நவபாஷாணம் என்பது நம்பிக்கை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அது விளைகிற மண் இதுதான். ஒரு பல்லை நசுக்கி மோந்து பாருங்கள், கை கழுவினாலும் வாசம் போகாது. எங்களில் சமைக்கவே பிடிக்காத ஒருத்திதான் எப்போதும் அதிகமாக வாங்குவாள், மாமியாரைக் குளிர்விக்க.

மன்னவனூர் இன்னும் உள்ளே, கொடைக்கானலிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். புல்வெளி, ஒரு ஏரி, வனத்துறையின் பரிசல், பக்கத்தில் மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை. அவ்வளவுதான், வேறு எதுவும் இல்லை. அதுதான் வேண்டும். புல்லில் போர்வையை விரித்து மத்தியானம் வரை கிடங்கள். சாப்பாட்டை விடுதியிலேயே கட்டி வாங்கிக்கொள்ளுங்கள், வழியில் கடைகள் குறைவு. கைபேசி சிக்னலும் வந்து வந்து போகும், வீட்டுக்கு ஒரு தகவல் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

பேரிஜம் ஏரியையும் சொல்வார்கள். அழகான இடம், சந்தேகமில்லை. ஆனால் வனத்துறை அனுமதி வாங்க வேண்டும், தினமும் குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகளைத்தான் விடுவார்கள், யானை நடமாட்டம் இருந்தால் வழியை அடைத்துவிடுவார்கள். கிடைத்தால் போங்கள், அதை நம்பி நாளை ஒதுக்காதீர்கள்.

குணா குகையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆழமான பிளவுகள் உள்ள இடம், கம்பி வேலி போட்டு அடைத்திருக்கிறார்கள். வேலிக்கு வெளியே நின்று வேர்களைப் பார்ப்பதற்குத்தான் அந்த வரிசை. தூண் பாறையும் அந்த வழியிலேயே இருப்பதால் அதைப் போகிற போக்கில் எட்டிப் பார்க்கலாம். மூன்று கல் தூண்கள், சுமார் 400 அடி, மூட்டம் விலகியிருந்தால் நல்ல காட்சி. அறிவியலில் ஆர்வமுள்ளவர் யாராவது கூட இருந்தால் 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வகத்துக்குத் திறந்திருக்கும் நேரம் கேட்டுக்கொண்டு போங்கள். சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதை 1909இல் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது அங்கேதான். மற்றவர்கள் அந்த நேரத்தில் பிரையண்ட் பூங்காவில் உட்காரட்டும்.

தங்குமிடத்தில் படுக்கையை எண்ணாதீர்கள், குளியலறையை எண்ணுங்கள். எட்டுப் பேருக்கு ஒரே வாட்டர் ஹீட்டர் என்றால் மூன்றாவது ஆளுக்கே பச்சைத் தண்ணீர்தான். "யாருடி ரெண்டு வாளி ஊத்தினது?" என்று ஆரம்பிக்கிற காலை அப்புறம் சீராகாது. நான் தனித்தனி ஓட்டல் அறைகளைவிட, பொதுக் கூடம் உள்ள காட்டேஜுக்குத்தான் கை தூக்குவேன். இரவு எல்லாரும் கூடி உட்கார இடம் வேண்டும், பத்து மணிக்கே தூங்குகிறவருக்கு ஒரு மூலை அறையும் வேண்டும். கம்பளி எத்தனை என்று முன்பே கேளுங்கள். ஜனவரியில் இரவுக் குளிர் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும்.

காட்டேஜ் ஊரை விட்டுத் தள்ளி இருந்தால் இரவுச் சாப்பாட்டுக்கு நடந்து போய் வராதீர்கள். காட்டுமாடு தெருவிலேயே வரும். ஒருமுறை நாங்கள் வண்டியிலிருந்து இறங்கப் போகும்போது கேட்டை அடைத்துக்கொண்டு ஒன்று நின்றது. கறுத்த உடம்பு, நாலு காலிலும் வெள்ளைக் காலுறை போட்ட மாதிரி. டிரைவர் தம்பி விளக்கை அணைத்துவிட்டு, "அக்கா, அது பாட்டுக்குப் போயிரும், நீங்க பாட்டுக்கு உக்காருங்க" என்றார். அது கேட் ஓரத்துச் செடியை நிதானமாகத் தின்று முடிக்கும் வரை வண்டிக்குள்ளேயே இருந்தோம். ஹாரன் அடிப்பது, பிளாஷ் போட்டுப் படம் எடுப்பது எல்லாம் வேண்டாம்.

இளவட்டமாக இருந்தால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காளான் தருகிறேன் என்று யாராவது காதோடு சொன்னால் நகர்ந்துவிடுங்கள். போதைக் காளான் விற்பதும் வைத்திருப்பதும் குற்றம், போலீஸ் கைது செய்வது வழக்கமாக நடக்கிறது.

இனி பணம். நட்பு கெடுவது பெரும்பாலும் இதில்தான். புறப்படும்போதே ஆளுக்கு ஒரே தொகையை ஒருத்தர் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். வண்டி, தங்குமிடம், சாப்பாடு, நுழைவுச் சீட்டு மட்டும் அதிலிருந்து. சாக்லேட், தைலம், குதிரைச் சவாரி அவரவர் காசு. தொகையை முடிவு செய்யும்போது எட்டுப் பேரில் கை இறுக்கமாக இருப்பவர் யார் என்று நினைத்துப் பார்த்து, அவரால் முடிந்ததற்குள் காட்டேஜ் தேடுங்கள். அதை அவரிடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள், அவர் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்வார்.

எப்போது போவது? ஏப்ரல், மே வேண்டாம். மலர்க் கண்காட்சியும் பள்ளி விடுமுறையும் சேர்ந்து ஏரிச் சாலையில் வண்டி நகராது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை. ஜனவரி, பிப்ரவரி வார நாட்கள் எங்களுக்குப் பிடித்தவை, வானம் தெளிவாக இருக்கும். ஆகஸ்ட் பக்கம் போனால் பேரிக்காய் கிடைக்கும். குறிஞ்சி பார்க்கத்தான் வருகிறோம் என்றால் 2030 வரை பொறுக்க வேண்டும், கடைசியாகப் பூத்தது 2018இல்.

சொந்த வண்டியோ வாடகை வண்டியோ, இ-பாஸ் கட்டாயம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது, அரசு இணையதளத்தில் இலவசமாக எடுக்கலாம். 2025 கோடையில் வார நாளுக்கு 4,000, வார இறுதிக்கு 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வந்தது. அதனால் தேதி முடிவானதும் முதல் வேலை இதுதான். அரசு பஸ்ஸில் போனால் இ-பாஸ் தொல்லை இல்லை. எட்டுப் பேருக்கு டெம்போ டிராவலர் போதும். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை, வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

வளைவுகளில் குமட்டுகிறவர்களை முன் சீட்டில் உட்கார வைத்து, வெறும் வயிற்றிலும் இல்லாமல் வயிறு முட்டவும் இல்லாமல் ஏற்றுங்கள். வழியில் வெள்ளி நீர்வீழ்ச்சி வரும். ஏரியில் வழிகிற தண்ணீர்தான் அங்கே விழுகிறது, பார்த்தால் போதும், குளிக்க வேண்டாம். கையில் தின்பண்டம் இருந்தால் குரங்கு வாங்கிக்கொள்ளும்.

திரும்பும்போது பெருமாள்மலையில் சாலை பிரிகிறது. மதுரை, திண்டுக்கல் பக்கம் போகிறவர்களுக்கு வத்தலக்குண்டு வழி, கோயம்புத்தூர்க்காரர்களுக்குப் பழனி வழி. உங்களில் இரண்டு ஊர்க்காரர்கள் இருந்தால் அங்கேயே இறங்கி டீ குடித்துவிட்டுப் பிரிந்துகொள்ளுங்கள். பொதுக் கணக்கில் மிச்சம் இருந்தால் டீ அதில், பற்றவில்லை என்றால் கணக்கு எழுதினவருக்கு மற்ற ஏழு பேரும் வாங்கிக் கொடுங்கள்.