டிரம்ஸ் வாசித்தவருக்குப் பங்கு உண்டா?

உங்கள் இசைக்குழு சேர்ந்து பதிவுசெய்த ஐந்து பாட்டையும் பாடகர் தன் பெயரில் மட்டும் இணையத்தில் ஏற்றிவிட்டார், டிரம்ஸ் வாசித்த எனக்குப் பங்கு உண்டா என்று கேட்கிறீர்கள். உண்டு. அவர் அப்படி ஏற்றிவிட்டதால் உங்கள் உரிமை போய்விடாது. ஆனால் எதில் பங்கு என்பதைப் பிரித்துப் பாருங்கள். பாட்டு வரியும் மெட்டும் அவருடையது என்றால் அது அவருக்கே. கல்லடியில் நீங்கள் நால்வரும் காசு போட்டுச் செய்த ஒலிப்பதிவு வேறு விஷயம்; நீங்கள் பங்கு கேட்கக்கூடியது அதில்தான்.

மான்செஸ்டரில் 1982இல் தொடங்கிய தி ஸ்மித்ஸ் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவிலும் இதுதான் நடந்தது. சிறிய சுயாதீன நிறுவனத்தில் பாட்டு வெளியிட்டே பெரிதாக வளர்ந்தார்கள், 1987இல் உடைந்தார்கள். ஒலிப்பதிவு வருமானத்தில் பாடகரும் கிட்டார்காரரும் ஆளுக்கு 40 வீதம் எடுக்க, மற்ற இருவருக்கும் ஆளுக்கு 10 வீதம்தான். டிரம்மர் மைக் ஜாய்ஸ் வழக்குப் போட்டார். 1996இல் நீதிமன்றம் அவரைச் சமபங்காளி என்றது: 25 வீதம். பாட்டு எழுதிய உரிமை மட்டும் எழுதியவர்களிடமே இருந்தது.

அவர்களைப் போல உங்களிடமும் பங்கு பற்றி எழுத்தில் எதுவும் இல்லாததுதான் இந்தச் சிக்கலுக்குக் காரணமாக இருக்கும். நண்பர்களுக்குள் யார் தாள் கேட்பார்கள்!

இன்றே பழைய வாட்சப் உரையாடல்களைத் தேடுங்கள். ஸ்டூடியோவுக்கு யார் எவ்வளவு கொடுத்தது, லாபம் பிரிப்பது பற்றி ஏதாவது பேசியிருக்கிறீர்களா? திகதியோடு சேமித்து வையுங்கள், அழித்துவிடாதீர்கள்.

ஒன்று: அது இங்கிலாந்துத் தீர்ப்பு. இங்கே இலங்கையில், படைப்புகளின் உரிமை பற்றிய 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. கடிதம் அனுப்பும் முன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். அதற்கும் முன், பாடகரோடு நேரில் ஒருதரம் கதைத்துப் பாருங்கள்.