5,000 ரூபாய்க்கு ஒரு லட்சம் நம்பர்: வாங்கலாமா?

கேள்வி: ஆர்.ஓ. வாட்டர் ப்யூரிஃபையர் விற்பனையும் சர்வீஸும் செய்கிறேன். எங்கள் மாவட்டத்து மொபைல் நம்பர் ஒரு லட்சத்தை எக்செல் ஃபைலாக 5,000 ரூபாய்க்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். விளம்பரத்துக்கு உதவுமா? (ஈரோடு வாசகர்)

பதில்: வாங்காதீர்கள். நம்பருக்கு 5 பைசா என்றால் மலிவாகத்தான் தெரியும். எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 20 பைசா என்று வைத்தாலும், ஒரு முறை அனுப்பவே 20,000 ரூபாய் ஆகிவிடும். அதற்கு முன், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி, வணிகச் செய்தி அனுப்புவோரைப் பதியும் டிஎல்டி தளத்தில் உங்கள் நிறுவனத்தைப் பதிய வேண்டும். ஹெட்டருக்கும் (அனுப்புநர் பெயர்) டெம்ப்ளேட்டுக்கும் (செய்தியின் வாசக மாதிரி) அனுமதி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் நெட்வொர்க்கே செய்தியைத் தடுத்துவிடும்.

சொந்த சிம்மிலிருந்து வரிசையாகக் கூப்பிடுவது அதைவிட மோசம். புகார் உறுதியானால் முதல் முறை 15 நாள் அவுட்கோயிங் நிற்கும். மறுபடியும் நடந்தால் உங்கள் பெயரில் உள்ள எல்லா இணைப்புகளையும் ஓராண்டுக்குத் துண்டிக்கலாம். கடை போர்டில் இருக்கும் நம்பரும் அதில் போய்விடும். இத்தனைக்கும் அந்த ஃபைலில் இருப்பவர் யார், வீட்டில் ப்யூரிஃபையர் இருக்கிறதா என்பது எதுவும் தெரியாது. ரீசார்ஜ் செய்யாமல் விட்டு, வேறு ஆளுக்குப் போன நம்பர்களும் கலந்திருக்கும்.

உண்மையில் காசு பெறும் டேட்டா உங்கள் பில் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒரு ஷீட் போடுங்கள்: பெயர், நம்பர், தெரு, மாடல், செடிமென்ட் ஃபில்டர் (மண், தூசி பிடிப்பது) மாற்றிய தேதி, மெம்பரேன் (உப்பை வடிக்கும் சவ்வு) மாற்றிய தேதி, உள்ளே வரும் நீரின் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு), வெளியே வரும் நீரின் டிடிஎஸ். ஒவ்வொரு சர்வீஸிலும் கடைசி இரண்டையும் மீட்டரில் பார்த்து எழுதச் சொல்லுங்கள். உள்ளே 900 அப்படியே இருக்க, வெளியே 50-லிருந்து 120-க்கு ஏறியிருந்தால் மெம்பரேன் தேய்கிறது என்று பொருள். அந்த வீட்டுக்கு அப்போது போன் செய்தால் யாரும் தொல்லை என்று நினைக்க மாட்டார்கள். இப்படி 300 பெயர் சேர்ந்தால், விலைக்கு வரும் அந்த ஒரு லட்சத்தைவிட அதிக வேலை கொடுக்கும்.

சர்வீஸ் நினைவூட்டல் அனுப்பச் சம்மதமா என்று பில்லிலேயே ஒரு வரி அச்சடித்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலைத்தான் முதலில் கேட்கிறது. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் 256 பேர்தான் அடங்குவார்கள்; அதிலும் உங்கள் நம்பரை சேவ் செய்தவர்களுக்கே செய்தி போகும். அதனால் மெஷின் மாட்டும் அன்றே வாடிக்கையாளர் போனில் நம்பரைப் பதியச் சொல்லுங்கள். ஃபைலுக்கு பாஸ்வேர்டு போடுங்கள். வேலையை விட்டுப் போகும் டெக்னீஷியன் போனில் அதன் நகல் இருக்கக் கூடாது.

கேள்வி: வெப்சைட் செய்து கொடுத்தவர் டாட்காம் டொமைனை (இணைய முகவரியை) என் பெயரில் இல்லாமல் தன் பெயரில் பதிந்திருக்கிறார். இப்போது போனை எடுப்பதில்லை. (மதுரை வாசகர்)

பதில்: ஹூஇஸ் (டொமைன் பதிவு விவரம் காட்டும் சேவை) தேடலில், டொமைன் பதிந்த நிறுவனமான ரெஜிஸ்ட்ரார் எது, காலாவதி தேதி எது என்பதை இன்றே பாருங்கள். காலாவதியாகி, நீக்கும் முன் தரப்படும் கடைசி மீட்புக் காலமான ரிடெம்ப்ஷனுக்குப் போய்விட்டால் மீட்க 30 நாள்தான். கட்டணமும் பல மடங்கு. டொமைனை அன்லாக் செய்து ஆத் கோடு (டொமைனை மாற்றத் தேவையான ரகசிய எண்) தரும்படியும், சைட் ஃபைல்கள், டேட்டாபேஸ் பேக்கப் இரண்டையும் தரும்படியும் அவருக்கு மெயிலில் எழுதுங்கள். பணம் கட்டிய ரசீதை இணையுங்கள். அதே ரெஜிஸ்ட்ராரில் நீங்கள் கணக்குத் திறந்தால் அதற்குள்ளேயே மாற்றித் தரச் சொல்லலாம், அது சுலபம். பதில் இல்லையென்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். ஆனால் வணிக நோக்கில் வாங்கியவர் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர் ஆகமாட்டார். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு விலக்கு உண்டு. உங்களுடையது அப்படிப்பட்ட கடை என்றால், புகாரின் முதல் பத்தியிலேயே அதைத் தெளிவாக எழுதுங்கள்.