வாழைப்பழம் சோறு, ஈஸ்ட் பருப்பு: கறவை மாட்டுக்கு எது சத்து?

கேள்வி: சென்னை புழல் பக்கம் நான்கு ஜெர்சி கலப்பின மாடுகள் வைத்திருக்கிறேன். கோயம்பேட்டிலிருந்து கனிந்துபோன வாழைப்பழம் மலிவாக வருகிறது. பீர் ஆலையின் ஈஸ்ட் கூழை ஒரு வியாபாரி கேனில் கொண்டுவந்து தருகிறார். இரண்டில் எதில் சத்து அதிகம்? மாட்டுக்கு இருபது கிலோ பழம் என்று கணக்கிட்டு, கூழோடு டிரம்மில் கலந்து இரவு முழுக்க ஊறவைத்துக் காலையில் வைத்தேன். மூன்றாம் நாள் டிரம் நுரைத்துப் பொங்கியது. ஒரு மாடு வயிறு உப்பிப் படுத்துவிட்டது. மருத்துவர் வந்து காப்பாற்றினார். பாலில் கொழுப்பும் இறங்கிவிட்டது. இந்தக் கூழைக் கோழிக்குப் போடலாமா?

பதில்: முதலில் அந்த டிரம்மைக் கவிழ்த்துக் கொட்டிவிடுங்கள். சத்துக் கணக்கைப் பிறகு பார்க்கலாம்.

கேனில் வந்த கூழில் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. கனிந்த வாழைப்பழத்தின் சதையில் நூறு கிராமுக்குச் சுமார் 12 கிராம் சர்க்கரை. சென்னை வெக்கையில் இரண்டையும் ஓர் இரவு ஒன்றாக வைத்தால் டிரம்முக்குள் சாராயமும் கரியமில வாயுவும்தான் உருவாகும். நீங்கள் பார்த்த நுரை அதுதான். மிச்ச வேலையை அந்த ஈஸ்ட் மாட்டின் முதல் வயிற்றுக்குள் போய்ச் செய்திருக்கிறது. போதாக்குறைக்கு, இருபது கிலோ பழத்தில் தோல் நீங்கலாகவே ஒன்றரைக் கிலோ சர்க்கரை இருக்கும். அதை விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரே தவணையாகக் கொடுத்தால் முதல் வயிறு புளித்துப்போகும். நார்த்தீவனத்தைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் புளிப்பில் சுருண்டுவிடும். பாலின் கொழுப்புக்கு வேண்டிய மூலப்பொருளில் பெரும்பங்கு வைக்கோலும் புல்லும் நொதித்து வருவது என்பதால், அதுவும் கூடவே இறங்கியது. பாலை அளப்பவரைச் சந்தேகிக்க வேண்டாம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். எது சத்து என்று கேட்பது, சோறு சத்தா பருப்பு சத்தா என்று கேட்பதைப் போன்றது. வாழைப்பழம் சோறு, ஈஸ்ட் பருப்பு. பழத்தில் முக்கால் பங்கு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி மாவும் சர்க்கரையும். தண்ணீரை நீக்கிக் கணக்குப் பார்த்தாலும் புரதம் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டாது. பொட்டாசியம் தாராளம், ஆனால் புல் தின்னும் மாட்டுக்கு அதில் குறையே கிடையாது. ஆகவே மக்காச்சோளம், தவிடு இருக்கும் இடத்தில் கொஞ்சத்தை வாழைப்பழம் பிடிக்கும். புண்ணாக்கின் இடத்தைப் பிடிக்காது. அடர்தீவனத்தை அடியோடு நிறுத்திவிட்டுப் பழம் போட்டதாக எழுதியிருந்தால் இன்னும் கடுமையாகவே பதில் சொல்லியிருப்பேன்.

உலர்ந்த பீர் ஈஸ்ட்டில் புரதம் நூற்றுக்கு 40 முதல் 50 வரை. கடலைப் புண்ணாக்கோடு தோள் உரசி நிற்கும். புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில் லைசின் நிறைய, மெத்தியோனின் குறைவு. பி வகை வைட்டமின்களில் பி12 தவிர மற்றவை ஏராளம் என்று விற்பவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த வைட்டமின்களை மாட்டின் முதல் வயிற்று நுண்ணுயிர்களே தயாரித்துக்கொள்கின்றன. நல்ல நிலையில் உள்ள மாட்டுக்காக அதற்குத் தனியே காசு கொடுப்பது வீண்.

கோழிக்கு அப்படியில்லை, அதற்கு வெளியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அவற்றில் ரிபோஃப்ளேவின் என்ற பி2 குறைந்தால் குஞ்சுகளின் கால்விரல்கள் உள்ளே சுருண்டு, கணுக்காலால் நடக்கும். காய்ந்த ஈஸ்ட் தூளாக, தீவனம் நூறு கிலோவுக்கு இரண்டு மூன்று கிலோ சேர்க்கலாம். கேன் கூழை அப்படியே ஊற்ற வேண்டாம்.

சந்தையில் மூன்று சரக்குகளை ஈஸ்ட் என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். பீர் காய்ச்சிய பார்லிச் சக்கை ஒன்று. அது உமியும் நாரும் கொண்டது, ஈஸ்ட்டே அல்ல. பாக்கெட்டில் வரும் உயிர் ஈஸ்ட் இன்னொன்று. சில கிராம் அளவில் கொடுத்தால் முதல் வயிற்றின் அமிலத்தைச் சீராக வைக்க உதவும். அது சத்துக்காகக் கொடுப்பதல்ல. மூன்றாவதுதான் நீங்கள் வாங்கும் கூழ். கையில் எடுத்துப் பார்த்தால் மோர்க்குழம்பு பதத்தில் இருக்கும். நாக்கில் தொட்டால் கசக்கும். பீருக்குப் போடும் ஹாப்ஸ் பூவின் கசப்பு அது. முதல் இரண்டு நாள் மாடு முகர்ந்துவிட்டு விலகினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

தர வேண்டுமானால் இப்படிச் செய்யுங்கள். கூழைப் பெரிய அண்டாவில் ஊற்றி, பொங்கி வழியாமல் கிளறியபடி, கொதி வந்த பிறகு பத்து நிமிடம் வைத்து இறக்குங்கள். ஈஸ்ட் செத்துவிடும், புரதம் போகாது. ஆறியதும் தவிட்டில் பிசைந்து மாட்டுக்கு மூன்று கிலோ போதும். பழத்தை வேறு வேளையில், வைக்கோலோ பசும்புல்லோ தின்ற பிறகு, ஒரு கிலோவில் தொடங்கிப் பத்து நாளில் மெல்லக் கூட்டுங்கள். நாளுக்கு ஏழு எட்டுக் கிலோவைத் தாண்ட வேண்டாம்; அதையும் இரண்டு வேளையாகப் பிரியுங்கள். தோலோடு நறுக்கலாம். பூஞ்சணம் பிடித்ததை ஒதுக்குங்கள். சந்தைச் சரக்கில் பிளாஸ்டிக் பை, சணல் கயிறு, சில சமயம் கார்பைடு பொட்டலம்கூடக் கிடக்கும். பெட்டியை அப்படியே தொட்டியில் கவிழ்க்காமல் கையால் அலசிவிட்டுப் போடுங்கள். பழம், ஈஸ்ட் இரண்டிலும் சுண்ணாம்புச் சத்து குறைவு; ஆகவே தாதுஉப்புக் கலவை நாளுக்கு 50 கிராம் கட்டாயம். இடது விலாப் பள்ளம் மறுபடி மேலெழும்பி, தட்டினால் முரசு போல ஒலித்தால் கைவைத்தியத்தில் நேரம் கடத்தாமல் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-ஐ அழையுங்கள்.

விலையைப் பொறுத்தவரை, கேன் கூழில் தண்ணீர் நீங்கலாகப் பத்தில் ஒரு பங்குதான் சரக்கு. கெட்டியாக இருந்தால் சற்றுக் கூடும். பத்துக் கிலோ கூழும் ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கும் புரதத்தில் ஏறக்குறையச் சமம். கூழின் விலையோடு கொதிக்க வைக்கும் விறகுச் செலவையும் கூட்டுங்கள். அது ஒரு கிலோ புண்ணாக்கு விலையைத் தொட்டால் வியாபாரியிடம் கேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புண்ணாக்கே வாங்குங்கள்.